வைகாசிக் கடைசியில் வீட்டுத் தோட்டம்: எதைப் பறிக்கலாம், எதை முற்ற விடலாம், எதை வெட்டிவிடலாம்

கேள்வி: திருச்சிப் பக்கம் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு சென்ட் இடத்தில் காய்கறி போட்டிருக்கிறோம். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, சுரை, பீர்க்கு, பரங்கி எல்லாம் தை மாதம் போட்டவை. ஒரு முருங்கை மரமும் உண்டு. வைகாசி முடியப் போகிறது. தக்காளி சிவக்கவே மாட்டேன் என்கிறது. வெண்டை நாராகிவிடுகிறது. போன வாரம் ஒரு சுரைக்காய் கசந்தது. சில நாள் கூடை நிறையக் காய் வருகிறது, சில நாள் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆடிப்பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்யலாமா?

பதில்:

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி முடியும் வரை உள்ள இந்த நாட்களைத்தான் வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் வீணாக்குகிறோம். செடி வாடிக் களைத்துத் தெரிகிறது, நமக்கும் வெயிலில் அலுப்பு, ஆடியில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்துவிடுகிறோம். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சில தொடர்ந்து காய்க்கும். சிலவற்றின் காய் வற்றலுக்கு ஆகும். சில விதைக்கு நிற்க வேண்டும். சிலவற்றை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். எந்தச் செடிக்கு எந்த வேலை என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் பறிப்பது சுலபமாகிவிடும்.

சுரைக்காயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். கசந்த சுரைக்காயை ஒரு துண்டு கூடச் சாப்பிடாதீர்கள். சமைத்தால் கசப்பு போய்விடும், உப்பு நீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சுரை, பீர்க்கு, வெள்ளரி குடும்பத்துச் செடிகள் தற்காப்புக்காக குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. வீட்டில் வளர்க்கும் ரகங்களில் அது மிகக் குறைவாக இருக்கும், சில காய்களில் திடீரென்று கூடிவிடும். வேகவைத்தாலும் அழியாது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிதல் என்று மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்தியாவில் உண்டு, இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே ஒரு நிபுணர் குழு அமைத்தது. முதலில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அந்தக் குழு சொன்னதன் சாரம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கசந்ததைத் தெரியாமல் சாப்பிட்டு வயிறு பிரட்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பக்கத்தில் பாகற்கொடி இருந்ததால் சுரை கசந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படி நடக்காது. சுரையும் பாகலும் ஒன்றோடொன்று கருவுறாது. சுரையிலேயே ஒரு கசப்பு ரகத்தின் மகரந்தம் வந்து சேர்ந்திருந்தாலும் இந்த வருடக் காயின் சதை மாறாது, அந்தக் காயின் விதையை முளைக்கவைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் உங்கள் கொடியில் கசப்பு வந்ததற்கு இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒன்று, விதையிலேயே கசப்புக் கலப்பு இருந்திருக்கும். அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே எல்லாக் காயும் கசந்திருக்கும். மற்றது, அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் ஒருநாள் விட்டு, இரண்டுநாள் விடாமல் கொடி தவித்திருக்கும். இதுவரை நன்றாக இருந்து இப்போது கசந்தது என்றால் இரண்டாவதுதான் காரணம். எதுவாக இருந்தாலும் அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள். இனி வரும் ஒவ்வொரு காயையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே அடுப்பில் ஏற்றுங்கள். மறுபடி ஒன்று கசந்தால் கொடியை அறுத்துவிடலாம், வருத்தப்பட வேண்டாம். பீர்க்கு, வெள்ளரிக்கும் இதே எச்சரிக்கைதான்.

கசப்பில்லாத சுரையை எப்போது பறிப்பது? தோலில் மெல்லிய பூனைமுடி இருக்கும்போதே, நகத்தால் அழுத்தினால் சுலபமாக இறங்கும்போதே பறித்துவிடுங்கள். முடி உதிர்ந்து தோல் வழவழப்பாகி நகம் இறங்காமல் போனால் உள்ளே விதை கட்டியாகியிருக்கும். பீர்க்கங்காய்க்கு வரம்புதான் அடையாளம். வரம்பை விரலால் வளைத்தால் வளைந்து கொடுக்க வேண்டும், விறைத்து நின்றால் நாராகிவிட்டது. அப்படித் தப்பிப்போன பீர்க்கு ஒன்றிரண்டைக் கொடியிலேயே காயவிடுங்கள். குளிக்க நார் கிடைக்கும், உள்ளே விதையும் கிடைக்கும்.

அடுத்து தக்காளி. அது சிவக்காததற்கு உரக் குறைவு காரணமில்லை, வெயில்தான் காரணம். தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன் என்ற நிறமி. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போக அது உருவாவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகும். அதனால்தான் கோடைத் தக்காளி செடியில் எத்தனை நாள் விட்டாலும் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவிலேயே நிற்கிறது. நேர் வெயில் படும் காயின் உடம்பு காற்றைவிட இன்னும் சூடாக இருக்கும், சில நேரம் ஒரு பக்கம் வெளுத்து வெந்தது போல் ஆகிவிடும்.

இதற்கு வழி சுலபம். காயின் அடிப்பக்கத்தில் பச்சை வெளுத்து லேசாக இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் பறித்துவிடுங்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு பழுக்க செடி தேவையில்லை, காயே எத்திலீன் வாயுவை வெளிவிட்டுத் தன்னைப் பழுக்கவைத்துக்கொள்ளும். வீட்டில் தரை குளிர்ச்சியாக இருக்கும் மூலையில், தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் போல, செய்தித்தாளில் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். அவசரமென்றால் பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தை வையுங்கள். செடியில் பழுத்ததைவிட நல்ல சிவப்பாக வரும். செங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் பழுக்கும் தன்மையே கெட்டுப்போய், வெளியே எடுத்தபின் சவசவவென்று ஆகிவிடும். முன்கூட்டியே பறிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த மாதத்தில் சாயங்காலம் திடீரென்று ஒரு மழை கொட்டும். காய்ந்து கிடந்த வேர் தண்ணீரை ஒரே மூச்சில் இழுக்க, பழுத்த காயெல்லாம் மறுநாள் வெடித்து நிற்கும். வானம் கறுத்தால் செங்காய் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள்.

காயின் அடியில் கறுப்பாகத் தட்டையாக அழுகினால் நோய் என்று மருந்து தேட வேண்டாம். தண்ணீர் ஒழுங்கில்லாமல் போவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு வந்து சேராததுதான் பெரும்பாலும் காரணம். காய்ந்த இலை, தென்னை மட்டை என்று ஏதாவது மூடாக்குப் போட்டு, சீராகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய்களில் நின்றுவிடும்.

இப்போது பூக்கும் தக்காளிப் பூக்களிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் மலடாகிவிடும். பூ வரும், உதிரும். திருச்சியில் இது ஆனி வரைக்கும் இப்படித்தான் இருக்கும். எனவே தக்காளியைப் பொறுத்தவரை என் யோசனை, இருக்கும் காயைப் பறித்து முடித்ததும் செடியை எடுத்துவிடுவது. கோடையைத் தாண்டிய தக்காளிச் செடியை வெட்டிவிட்டு மறுபடி காய்க்கவைக்கப் பார்ப்பதைவிட, புது நாற்றுக்குச் செலவழிக்கும் உழைப்பே பலன் தரும்.

வெண்டைக்கு உள்ள ஒரே மருந்து அடிக்கடி பறிப்பது. பூ விரிந்த ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய் தயாராகிவிடும். இந்த வெயிலில் ஒரு நாள் தள்ளினாலும் நார் கட்டிவிடும். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் கத்தியோடு போங்கள். நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் சமைக்க முடியாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம் பாருங்கள், அதனால்தான் சில நாள் கூடை நிறையவும் சில நாள் ஒன்றுமே இல்லாமலும் போகிறது. செடிக்குக் காய் என்பது விதைக்கான பை. நாலைந்து காய் முற்றி விதை கட்டத் தொடங்கியதும் செடியின் சத்தெல்லாம் அங்கே போய்விடும், புதிய பூ குறைந்துவிடும். ஆகவே சமையலுக்கு ஆகாத காயையும் வெட்டி எறியுங்கள். விதைக்கென்று குறித்து வைத்த காய்கள் மட்டும் முற்றினால் போதும். பறிக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, வெண்டையின் சுணை அரிக்கும்.

மஞ்சள் நரம்புத் தேமல் வந்த வெண்டைச் செடி இருந்தால், இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை போட்டது போல் இருக்கும், காயும் வெளிறி இருக்கும். அதை வைத்திருக்காதீர்கள். வெள்ளை ஈ அந்த நோயை நல்ல செடிக்கும், ஆடியில் நீங்கள் விதைக்கப் போகும் வெண்டைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோட்டத்தில் இப்போது தயங்காமல் பிடுங்க வேண்டியது என்றால் இதைத்தான் சொல்வேன்.

கொத்தவரையும் வெண்டை மாதிரிதான், பிஞ்சாகப் பறித்தால் தொடர்ந்து காய்க்கும். ஆனால் வறட்சியைத் தாங்கும் செடி என்பதால் வெயிலில் அது அவ்வளவாகத் தளராது. தினமும் பொரியல் செய்தால் வீட்டில் யாருக்கும் அலுத்துவிடும். வற்றல் போட இதைவிட நல்ல காய் கிடையாது.

வற்றலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கூடை நிறையும் நாளுக்கு அதுதான் பதில். திருச்சியில் இந்த வெயில் இன்னும் கொஞ்ச நாள்தான் சுத்தமாகக் கிடைக்கும். ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று எழும்பி, மொட்டைமாடியில் காயப்போட்டதெல்லாம் மண்ணாகிவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் முறத்தில் கிடக்கும் கொத்தவரங்காய் எம்மாத்திரம்? ஆகவே வற்றல் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள்.

கொத்தவரைக்கு இரு முனையையும் கிள்ளி, உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, நீரை நன்றாக வடித்து, வெள்ளைத் துணியில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்புங்கள். சிலர் தண்ணீருக்குப் பதில் புளித்த மோரில் வேகவைப்பார்கள், வறுக்கும்போது லேசான புளிப்போடு மிக நன்றாக இருக்கும். மூன்று நான்கு நல்ல வெயில் போதும். ஒடித்தால் சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். கத்தரிக்காயில் விதை லேசாகத் தட்டுப்படத் தொடங்கிய காய்களை நீளத் துண்டாக நறுக்கி, உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து இதே போலக் காயவைக்கலாம். வத்தக்குழம்பில் போட்டால் கறி போல இருக்கும். மிளகாயில் மோர் மிளகாய் போடுவதாக இருந்தால் தடித்த, காரம் குறைந்த பச்சைக் காயை எடுத்து, நுனிப் பக்கம் ஒரு கீறல் போட்டு, உப்பிட்ட கெட்டி மோரில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர், இப்படி மோர் வற்றும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வெளியே வெளுத்து, எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று கேட்கும்போது தயார்.

எந்த வற்றலையும் சூடு ஆறாமல் டப்பாவில் அடைக்காதீர்கள், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த மிளகாயை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிளகாயில் வரும் சில பூசணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கழுவினாலும் வறுத்தாலும் போகாது. புரட்டாசியில், மழைக்கு முன்னால், எல்லா டப்பாவையும் ஒருமுறை வெயிலில் காட்டி எடுத்து வைத்தால் தை வரை கவலையில்லை.

சிவப்பு வற்றல் மிளகாய் வேண்டுமென்றால் செடியிலேயே முழுதாகச் சிவந்தபின் பறியுங்கள். பாதிச் சிவப்பில் பறித்துக் காயப்போட்டால் சோகையாகத் திட்டுத்திட்டாகக் காயும். ஆனால் எல்லாச் செடியையும் பழுக்க விட்டால் புதுக்காய் குறையும். ஆகவே இரண்டு மூன்று செடிகளைச் சிவப்புக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைப் பச்சையாகவே பறித்துக்கொண்டிருங்கள்.

கத்தரிக்கு வருகிறேன். எனக்கு இந்தத் தோட்டத்திலேயே மிகப் பிடித்த செடி இது. ஒரு பட்டத்தோடு அதை முடித்துவிடுகிறோமே என்று எப்போதும் எனக்கு ஆதங்கம். கத்தரி இயல்பில் பல வருடம் வாழக்கூடிய குறுஞ்செடி. காயைப் பறிக்க அடையாளம் பளபளப்பு. தோல் கண்ணாடி மாதிரி மின்னும்போது பறித்தால் சதை வெண்ணெய். மினுமினுப்பு மங்கிப்போனால் உள்ளே விதை பழுப்பாகி, கசப்பு ஏறத் தொடங்கிவிட்டது. அளவைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், கோடையில் காய் சிறிதாக இருக்கும்போதே முற்றும். கையால் இழுக்காமல் காம்போடு வெட்டுங்கள், இழுத்தால் கிளை கிழியும்.

ஆனிக் கடைசியில், ஒரு நல்ல மழை பெய்த பிறகு, நல்ல கத்தரிச் செடிகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். மூன்று நான்கு தடித்த கிளைகள் நிற்கட்டும். சுற்றி மண்ணைக் கிளறி இரண்டு கை மட்கிய தொழு உரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் வந்து மறுபடி பூக்கும், புது நாற்று காய்க்கத் தொடங்குவதற்கு முன்பே இது காய்த்துவிடும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் காரணம். வெட்டுவதற்கு முன்னால் தளர்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கி இருந்தால் நூற்புழு வந்துவிட்டது. அந்தப் பாத்தியில் மறுதாம்பு, அதாவது வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்கவைப்பது, வேண்டாம், கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை எதுவும் அடுத்து வேண்டாம். செண்டுமல்லி அடர்த்தியாக நட்டு ஒரு பருவம் விடுங்கள், நூற்புழு குறையும். கொழுந்து தலை சாய்ந்து வாடினால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். அந்தக் கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். ஓட்டை விழுந்த காயும் அப்படியே.

பரங்கியை மட்டும் அவசரப்படாமல் விடுங்கள். காம்பு பச்சை மாறி காய்ந்த மரக்கட்டை போல ஆகி, நகம் தோலில் இறங்காதபோது பறிக்கலாம். நான்கு விரல் அளவு காம்பு ஒட்டியிருக்கட்டும். காம்பு உடைந்த பரங்கி அந்த இடத்திலிருந்தே அழுகும், அதை முதலில் சமைத்துவிடுங்கள். மற்றதை நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் போட்டுத் தோலை இறுகவிட்டு, பிறகு தரையில் படாமல் பரணில் வைக்கோல் மேல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆடிக் காற்றுக்கு முன் கொடிகளின் காய்களை எடுத்துவிடுவது நல்லது. பந்தலில் தொங்கும் கனமான காய் காற்றில் ஆடி ஆடிக் கொடியையே அறுத்துவிடும். மழை விழத் தொடங்கியதும் பழ ஈயும் பெருகும். பிஞ்சின் மேல் ஊசி குத்தியது போல் புள்ளி, அதிலிருந்து பிசின் வடிந்தால் உள்ளே முட்டை இருக்கிறது. நல்ல பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடுங்கள். சொத்தையான காயை அங்கேயே போட்டு வைக்காமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் நாலு நாள் போட்டுவிடுங்கள், புழு செத்துவிடும்.

பறிக்கும் நேரம் விடிந்ததும்தான். முந்தின நாள் சாயங்காலம் விட்ட தண்ணீரில் இரவெல்லாம் செடி நிமிர்ந்து, காய் குளிர்ந்து மொறுமொறுப்பாக இருக்கும். பத்து மணிக்குப் பறித்தால் சூட்டோடு கூடைக்கு வரும், மதியத்துக்குள் சுருங்கும். பறித்ததைக் கழுவாமல் ஈரத் துணியால் மூடி வையுங்கள். கத்தரி, வெண்டை, சுரை எதற்கும் ஃபிரிட்ஜின் கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது. கத்தரியில் குழி விழும், விதை கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். திருச்சி மாதிரி வறண்ட வெயில் அடிக்கும் ஊரில் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ஒரு பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும். டில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செங்கல்லால் வடிவமைத்த மின்சாரமில்லாக் குளிர் அறையும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. கடலோர ஊர்களில், காற்றில் ஈரம் அதிகம் என்பதால், இது இவ்வளவு நன்றாக வேலை செய்யாது. பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரையோடு சேர்த்து வைக்காதீர்கள், அந்த எத்திலீனில் கீரை மஞ்சளாகிவிடும்.

விதை எடுப்பதில் பலர் கடைசியில் மிஞ்சியதை விதைக்கு விடுகிறார்கள். செடி ஓய்ந்தபின் வரும் காயில் விதை இளைத்திருக்கும். இன்றைக்கே தோட்டத்தைச் சுற்றி வந்து, நோயில்லாமல் நன்றாகக் காய்த்த செடியில், நடுப்பருவத்தில் வந்த நல்ல காயில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சாம்பாருக்குப் போய்விடும். வெண்டை செடியிலேயே பழுப்பாகக் காய்ந்து, வெடிக்கும் முன் எடுக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகிக் கனியும் வரை நிற்கட்டும். மிளகாய் நன்கு சிவந்தபின் எடுங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் மேலே உள்ள வழவழப்பு கரைந்துவிடும், அலசி நிழலில் காயவைக்கலாம். எல்லா விதையும் கடைசியில் நன்றாக உலர வேண்டும், பிறகு விறகுச் சாம்பல் கலந்து காற்றுப் புகாமல் மூடி, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள். நீங்கள் வாங்கிய விதைப் பாக்கெட்டில் எஃப்-1 வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. நாட்டு ரகத்துக்கு மட்டும் இந்த உழைப்பைச் செலவிடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரியும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் இத்தனை தலைமுறை வந்து சேர்ந்தது இப்படி வருடா வருடம் நல்ல காயைப் பார்த்து விதைக்கு ஒதுக்கியவர்களால்தான்.

முருங்கையில் ஆனி வரை காய் வரும். காய் உருண்டு விதை புடைக்கும் முன் பறித்தால் சதை கிடைக்கும். பறிப்பு ஓய்ந்ததும் வெட்டிவிடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கை என்றால் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வெட்டலாம். பழைய மரமுருங்கை என்றால் நீண்ட கிளைகளைக் குறைத்தால் போதும். முருங்கைக் கட்டை உறுதியில்லாதது, ஆடிக் காற்றில் தானாக முறிந்தால் பட்டையோடு கிழியும், நாம் வெட்டினால் காயம் சுத்தமாக ஆறும். வெட்டிய கிளையின் கீரையை வீணாக்காமல் நிழலில் உலர்த்திப் பொடி செய்துகொள்ளலாம்.

ஆக, உங்கள் இரண்டு சென்ட்டில் இப்போது உடனே காலியாவது தேமல் வெண்டை மட்டும். தக்காளி ஆனி நடுவில் காலியாகும், பரங்கியும் சுரையும் காற்றுக்கு முன் காலியாகும். நோயில்லாத தண்டு, தழை எல்லாவற்றையும் நறுக்கி அந்தந்தப் பாத்தியிலேயே மூடாக்காகப் போடுங்கள். பச்சையாக மண்ணுக்குள் புதைக்க வேண்டாம், அது மட்கும்போது புது நாற்றுக்குப் போக வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கத்தரி, மிளகாய், கொத்தவரை ஆகிய மூன்றும் ஆடியிலும் நிற்கட்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்வது அவரை, கொடிக்காய் போல நேரடியாக ஊன்றும் விதைகளுக்குச் சரி. நாற்றுவிட்டு நட வேண்டியவற்றுக்கு ஆடி வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். மிளகாய், தக்காளி நாற்று நடும் பருவத்துக்கு வர 25 முதல் 35 நாள் ஆகும், கத்தரியும் அப்படித்தான். ஆனி நடுவில் நாற்றுத்தட்டில் விதை போட்டால் ஆடி நடுவில் நடலாம். தக்காளி எடுத்து முடித்த பாத்தியில் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் நடாதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். அங்கே அவரையை ஊன்றுங்கள். சுரைப் பந்தல் இருந்த இடத்துக்குத் தக்காளி நாற்று போகட்டும். நாற்றுத்தட்டைக் காலை வெயில் மட்டும் படும்படி கிழக்குப் பக்கம் வையுங்கள், மதிய வெயிலில் வைத்தால் முளை கருகிவிடும்.